வீட்டுமனையைப் பட்டறையாக்குவது எப்படி? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொழில் நடத்த இடம் வேண்டுமென்றால் கப்பலூர் சிட்கோவில் மனை கேட்டு எழுதிப் போடுங்கள் என்று யாராவது புத்தி சொன்னால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து நல்லபடியாக வழியனுப்பிவிடுங்கள். தொழிற்பேட்டையில் மனை காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். கிடைத்தால் பராமரிப்புக் கட்டணம், நிபந்தனை, கெடு என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே வரும். குடியிருப்பு மனையில் அந்தத் தொல்லை கிடையாது. ரோடு மாநகராட்சி போட்டது. தண்ணீர் லைன் வந்துவிட்டது. தெருவிளக்கு எரிகிறது. ராத்திரிக் காவலுக்கு இரண்டு பக்கமும் நாலு குடும்பம் சம்பளமில்லாமல் படுத்திருக்கிறது.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது வீட்டுமனை, ஆக்க வேண்டியது பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ‘நில உபயோக மாற்றம்’ என்று ஒரு சடங்கு இருக்கிறது. அதை மதுரையில் எப்படி முடிப்பது என்று சொல்லித் தருவதற்கே இந்த வழிகாட்டி.

மனசு உறுத்தினால் முதலில் அதைச் சமாதானப்படுத்துங்கள். இந்த ஊரில் நிலத்தின் உபயோகத்தை மாற்றியவர்கள் பெயரில் தெருவே இருக்கிறது. 1830-களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கத் தொடங்கினார். இடித்து நிரவுகிறவருக்கே அங்கே மனை என்று ஆசை காட்டினார். கோட்டை போன இடத்தில் வெளி வீதிகள் வந்தன. அளவை பார்த்த மாரட் பெயரில் ஒரு வீதி, வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி, கலெக்டர் நினைவுக்கு விளக்குத்தூண். அந்த இடிப்பைக் ‘காவல் கோட்டம்’ நாவலில் விரிவாக எழுதிய சு. வெங்கடேசன் பின்னாளில் இதே ஊருக்கு எம்.பி. ஆனார். இடித்தவர்களுக்கும் பெயர் கிடைத்தது, எழுதியவருக்கும் கிடைத்தது.

கோட்டை பழைய கதை என்றால் கண்மாயைப் பாருங்கள். 2004-இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகநேரிக் கண்மாயில். மாநகராட்சியின் அண்ணா மாளிகை இருப்பது தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்கை விசாரிக்கும் இடமும், ஆக்கிரமிப்பை அகற்றும் நோட்டீஸ் புறப்படும் இடமும் இப்படி இருக்கும் ஊரில், உங்கள் ஐந்து சென்ட் எம்மாத்திரம்?

இனி வேலையைத் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் விண்ணப்பம் கொடுக்கும் தப்பை மட்டும் செய்யாதீர்கள். காகிதத்தில் தொடங்கியவன் காகிதத்திலேயே நிற்பான். முதலில் ஒரே ஒரு லேத்தை இறக்குங்கள், அதுவும் வாடகைக்கு எடுத்த முன்போர்ஷனில். வெளியே போர்டு வேண்டாம். மின் இணைப்பு வீட்டுக் கணக்கிலேயே இருக்கட்டும். 2016-இல் வந்த 100 யூனிட் இலவசம் வீடுகளுக்கானது, உங்கள் லேத்தும் இப்போது வீட்டில்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு டிரில்லிங் மிஷின். அடுத்த வருஷம் பின்போர்ஷன். அதற்கடுத்து மாடியில் ஷீட் கொட்டகை. தெருவுக்கு இதெல்லாம் பழக வேண்டும்.

பழகாதவர் ஒருவர் எப்படியும் இருப்பார். பெரும்பாலும் ரிட்டயர்டு வாத்தியார். ஒருநாள் காலை பால் பாக்கெட்டோடு உங்கள் வாசலில் நிற்பார்.

“தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல சுவரு அதிருதுப்பா. அம்மாவுக்குத் தூக்கமே இல்ல.”

“அய்யய்யோ, முன்னாடியே சொல்லக் கூடாதா சார்! ஒரு அர்ஜென்ட் ஆர்டர் சார். பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கங்க.”

எந்தப் பொங்கல் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் வீட்டு இரும்பு கேட் இறங்கிப்போயிருக்கும். ஆள் அனுப்பிக் காசு வாங்காமல் வெல்டிங் வைத்துக் கொடுங்கள். ஓசி வெல்டிங் வாங்கிய கை ஆட்சேப மனு எழுதாது.

அதற்குள் தெரு கொஞ்சம் மாறியிருக்கும். கட்டிங் ஆயில் கலந்த பால் நிறத் தண்ணீர் சாக்கடையில் ஓடும். சுருள் சுருளான இரும்புச் சீவல் டயரில் ஒட்டிப்போய் நாலு வீடு தள்ளிப் பிள்ளைகள் காலில் குத்தும். காலையில் போட்ட கோலத்தின் மேல் குட்டி யானை ரிவர்ஸ் எடுக்கும். இதையெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால் பதில் தயாராக இருக்க வேண்டும். பதில் ஒரே சொல்தான்: குடிசைத் தொழில்.

இந்தச் சொல்லுக்கு மதுரையில் தனி மரியாதை உண்டு, நியாயமாகவே. எழுத்தாணிக்காரத் தெரு, வளையல்காரத் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு என்று பெயரிலேயே தொழிலை வைத்திருக்கும் ஊர் இது. அனுப்பானடியிலும் சிந்தாமணியிலும் வில்லாபுரத்திலும் அப்பளம் போட்டுத்தான் பல பெண்கள் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். சுங்குடிக்கு முடிச்சுப் போடுவது திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை. செல்லூர்த் தறியும் விளாச்சேரி பொம்மையும் வீட்டோடு வளர்ந்தவை. இவர்களைக் கட்டம் போட்ட வரைபடத்தைக் காட்டித் துரத்தக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. குடியிருப்புப் பகுதியில் இன்ன குதிரைத்திறன் வரை சிறு தொழில் நடத்தலாம் என்று விதியும் இடம் கொடுக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, அப்பளம் காயப்போடும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உங்கள் பவுடர் கோட்டிங் ஓவனைக் கொண்டுபோய் நிறுத்துவது. இரண்டுக்கும் வித்தியாசம் கேட்பவரிடம், “ஏழைங்க வயித்துல அடிக்கிறீங்களேண்ணே” என்று குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விடுங்கள். அந்த அம்மா உங்கள் ஓவன் புகையில்தான் அப்பளத்தை உலர்த்துகிறார் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

இவ்வளவு நன்றாகப் போகும்போது உபயோக மாற்றம் எதற்கு என்று கேட்பீர்கள். சத்தத்துக்காக. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழில் பகுதியில் பகலில் 75, இரவில் 70. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை உங்களுக்கு 25 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கிறது. டெசிபலை ரூபாய் போல எண்ணிவிடக் கூடாது. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். இருபத்தைந்து கூடினால் முந்நூறு மடங்குக்கும் மேல். வாத்தியார் வீட்டு அம்மாவின் காது அதே காதுதான், சுவரும் அதேதான். ஆனால் நேற்று ராத்திரிவரை விதிமீறலாக இருந்த சத்தம், வரைபடத்தில் மஞ்சளாக இருந்த மனை ஊதாவாக மாறியபின் ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’ வந்துவிடும். பேங்க் கடன், தொழில் மின் இணைப்பு, இடத்தின் மதிப்பு எல்லாம் இதற்கு அப்புறம் கிடைக்கும் லாபங்கள்.

இனி காகிதம். பட்டா, சிட்டா, புலப்படம், கிரயப் பத்திரம், வில்லங்கம் எல்லாவற்றையும் அடுக்கி மதுரை உள்ளூர் திட்டக் குழுமத்தில் கொடுக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 32-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டத்தில் ஓர் இடத்தை மட்டும் திருத்தலாம். திட்டம் முழுமையானது என்று பெயர் வைத்தவர்களே திருத்தவும் ஒரு கதவு வைத்தார்கள். நியாயமான காரணத்துக்கு அந்தக் கதவு வேண்டியதுதான். ஊர் வளரும்போது வரைபடம் மட்டும் அப்படியே உறைந்து கிடக்க முடியாது. கே.புதூர் தொழிற்பேட்டை தொடங்கியபோது ஊருக்கு வெளியே இருந்தது, இப்போது அதைச் சுற்றி வீடுகள். ஆனால் நீங்கள் எதற்கு நியாயமான காரணத்தையெல்லாம் தேடுகிறீர்கள்? கதவு இருக்கிறது என்பது போதும்.

துறைகளின் தடையின்மைச் சான்றுகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். வெள்ளம் தேங்கும் இடமா என்று நீர்வளத் துறையிடம் கேட்பார்கள். ஆய்வுக்கு ஆட்கள் வரும் மாதம் சித்திரையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி ஆகாது. 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் செல்லூர், பி.பி.குளம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட யோசிப்பார். மாதத்தை மாற்ற முடியாவிட்டால் திரை இருக்கிறது. 2025 மே மாதக் கடைசியில் முதல்வர் வருகிறார் என்று பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்த ஊர் இது. செய்தி வெளியே வந்து முதல்வர் நேரில் போய்ப் பார்த்துவிட்டார் என்பது வேறு விஷயம். உங்கள் மனைக்கு முதல்வர் வரப்போவதில்லை.

உள்ளாட்சியின் தீர்மானம் வேண்டும். மாமன்றத்தில் 100 வார்டு. குடிதண்ணீர் வரவில்லை, பாதாளச் சாக்கடை பொங்குகிறது, நாய்த் தொல்லை என்று நூறு பேரும் பேசி முடித்துத் தொண்டை காய்ந்தபின்தான் உங்கள் பொருள் வர வேண்டும். பொருள் நிரலின் கடைசிப் பக்கம் உத்தமம். அந்த நேரத்தில் எண்ணை மட்டும் வாசிப்பார்கள்.

எண் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த வித்தையின் உயிர்நாடியே அதுதான், இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மனிதர்கள் வசிப்பது தெருவில். அரசு மாற்றுவது புல எண்ணை. பிள்ளையார் கோயில் பின்தெருவில் முப்பது வருஷம் குடியிருப்பவரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுப் புல எண் என்ன, உட்பிரிவு என்ன என்று கேளுங்கள். கதவு எண் சொல்வார், ரேஷன் கார்டு எண் சொல்வார், கேஸ் கனெக்‌ஷன் எண்கூடச் சொல்வார். புல எண் பீரோவுக்குள் பட்டாவில் தூங்குகிறது. உங்கள் அறிவிப்பில் வரப்போவது அது ஒன்றுதான்.

பத்திரிகை விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்பது கட்டாயம். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். சீட்டுக் கம்பெனி ஏல அறிவிப்புக்கும் ‘எனது அசல் பத்திரம் தொலைந்துவிட்டது’ என்பதற்கும் நடுவில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் வரட்டும். வட்டம், கிராமம், புல எண், சாய்வுக்கோடு, உட்பிரிவு. ‘கிராமம்’ என்ற இடத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்கும். நகரத்துக்குள் வந்து பல காலமான நகர்களும் காலனிகளும் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கின்றன என்று அங்கே குடியிருப்பவர்களில் பலருக்கே தெரியாது. தங்கள் தெருவைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு எங்கோ ஒரு பட்டிக்காட்டுச் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்புவார்கள்.

கடைசியில் தமிழ்நாடு அரசிதழ். இதை ஒருமுறையாவது பார்த்துவிட்டு வாருங்கள், கலைநயமே இருக்கும். முழுமைத் திட்டத்துக்குத் திருத்தம் என்று தலைப்பு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். கீழே சட்டப் பிரிவு. அதற்குக் கீழே இரண்டே வாக்கியம்: இன்ன உபயோகம் என்ற தலைப்பின் கீழிருந்து இந்தப் புல எண்ணை நீக்குக, வேறொரு உபயோகம் என்ற தலைப்பின் கீழ் இதே எண்ணைச் சேர்க்க. வீடு, தெரு, பள்ளிக்கூடம், ஆள் எதுவும் அதில் வராது. ஓர் எண் ஒரு பட்டியலிலிருந்து இறங்கி இன்னொரு பட்டியலில் ஏறிக்கொள்ளும், பஸ் மாறுவது மாதிரி.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தனி. தொழில்களுக்கு அங்கே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்றெல்லாம் நிறம் உண்டு. வெள்ளைக்கு இசைவு வாங்கத் தேவையில்லை, தகவல் கொடுத்தால் போதும். என்ன தொழில் என்ற கட்டத்தில் கவித்துவம் வேண்டாம். ‘ஜெனரல் இன்ஜினியரிங்’ என்று எழுதுங்கள். அதற்குள் எதுவும் அடங்கும்.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் கூட்டமாகச் செய்யுங்கள். இதற்கு டெல்லி நல்ல முன்னுதாரணம். அங்கே குடியிருப்புகளுக்குள் ஆயிரக்கணக்கில் பட்டறைகள் முளைத்தன. உச்ச நீதிமன்றம் மூடச் சொல்லியது. 2000 நவம்பரில் தொழிலாளர்களும் முதலாளிகளும் தெருவில் இறங்கி நகரமே கலவரமானது. 2004-இல் நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொன்னது. 2007-இல் வந்த டெல்லியின் 2021 முழுமைத் திட்டமோ, ஒரு தொகுப்பில் 70 சதவீத மனைகளில் தொழில் நடந்தால் அதைத் தொழில் பகுதியாகச் சீரமைக்கலாம் என்று வழிவிட்டது. ஒருவர் செய்தால் விதிமீறல், தெருவே செய்தால் திட்டம். ஆகவே பக்கத்து மனையும் பட்டறைக்கே விற்கட்டும் என்று பிரார்த்தியுங்கள். வாத்தியார் காலி செய்தால் எழுபதை எட்டிவிடலாம்.

அமெரிக்காவுக்கும் ஒரு நடை போய்வரலாம். ஓஹாயோவில் யூக்ளிட் என்ற ஊர், ஆம்ப்ளர் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனி வைத்திருந்த 68 ஏக்கரில் ஒரு பகுதியைத் தொழிற்சாலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டது. கம்பெனி வழக்குப் போட்டது. 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிலத்தை மண்டலம் பிரிக்கும் அதிகாரத்துக்கு அந்த நாட்டில் இன்றுவரை அடித்தளம் அந்த வழக்குத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதே நிலத்தில் தொழிற்சாலை எழுந்தது, பிறகு அது ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. தீர்ப்பைப் படித்து மனம் தளர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மேலூர்ப் பக்கம் போய் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். 2024 நவம்பர் 7-ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். அதற்குள்தான் அரிட்டாபட்டி வருகிறது, 2022-இல் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். அது சுரங்கம், உங்களுடையது பட்டறை, ஒப்பிடலாமா என்றால், காகித வேலை ஒரே சாதிதான். தப்பு எங்கே நடந்தது தெரியுமா? ஊர்ப் பெயர் வெளியே வந்துவிட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், வல்லாளப்பட்டி என்று தங்கள் ஊர்ப் பெயரைப் பேப்பரில் பார்த்தவர்கள் மந்தையில் கூடிவிட்டார்கள். கிராம சபைகளில் தீர்மானம், டிசம்பர் 9-இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்த பெருங்கூட்டம். ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லாம் மூன்று மாதத்துக்குள். வெறும் புல எண்ணாகப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் தொழில்முறைக் கருத்து.

இனி எழுதப்போவதைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள், வாத்தியார் கண்ணில் பட வேண்டாம்.

அவர் பீரோவைத் திறந்து பட்டாவை எடுத்துப் புல எண்ணையும் வருவாய்க் கிராமத்தையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினால் உங்களுக்குச் சிக்கல் ஆரம்பம். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்தால் பெரிய சிக்கல். 2044-ஐ எல்லையாக வைத்து மதுரைக்குத் தயாரான முழுமைத் திட்ட வரைவில் தன் தெரு மஞ்சளா ஊதாவா என்று அவர் போய்க் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மாமன்றத் தீர்மானத்தின் நகல் வாங்கலாம். ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது, அங்கே எழுந்து நின்று புல எண்ணைத் தெருப் பெயராக மொழிபெயர்த்து உரக்க வாசிக்கலாம். அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் உள்ளூர் திட்டக் குழும உறுப்பினர் செயலருக்கு ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிப் பத்திரப்படுத்தலாம். மனுவில் கோபம் தேவையில்லை. எந்த எண், எத்தனை வீடு, பள்ளிக்கூடம் எத்தனை அடியில், ரோடு அகலம் என்ன, கழிவுநீர் எங்கே போகிறது, ராத்திரி எத்தனை மணிவரை மிஷின் ஓடுகிறது என்பது போதும். அப்படி ஒரு மனு கோப்பில் ஏறிவிட்டால் அதற்குப் பதில் எழுதாமல் தாண்டிப் போவது அதிகாரிக்குச் சிரமம். நாளைக்கு உலகநேரியில் நீதிபதி கேட்பாரே.

கேட் வெல்டிங்குக்கு அவர் காசு கொடுத்துவிட்டாரா என்பதையும் பார்த்து வையுங்கள். கொடுத்துவிட்டார் என்றால் மனு தயாராகிறது என்று அர்த்தம்.

அரசிதழ் புதன்கிழமைதோறும் வருகிறது. எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். பார்க்க வேண்டியது ஆறாம் பகுதி, முதல் பிரிவு.